சிறுவயதுப் பொழுதுபோக்குகளில் எவை நம்முடன் வளர்கின்றன?

சிறுவயதில் தொடங்கிய பொழுதுபோக்குகளிலும் பழக்கங்களிலும் எவற்றைப் பெரியவர்கள் இன்றும் விரும்பிச் செய்கிறார்கள், அவை மட்டும் ஏன் தங்கிவிடுகின்றன, இடையில் விட்டுப்போனதை நாற்பது வயதுக்கு மேல் திரும்ப எடுப்பதில் பொருள் உண்டா, அதற்கு வெட்கப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, பழைய பெட்டி ஒன்றிலிருந்து உங்கள் பள்ளிக்கால அஞ்சல்தலை ஆல்பம் கிடைத்ததாகவும், ஈரம் பட்டு அஞ்சல்தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தூக்கிப் போடாதீர்கள், அவற்றைப் பிரிக்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பொதுவான கேள்விக்கு வருகிறேன். அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, பழைய நினைவுகளின் இனிமைதான் காரணம் என்பது. அது பாதி உண்மை என்றே எனக்குப் படுகிறது.

நினைவின் இனிமைதான் காரணம் என்றால், சிறுவயதில் செய்த எல்லாமே நம்மைச் சமமாக இழுக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஒருவர் பத்து வயதுக்குள் இருபது விளையாட்டுகளையாவது விளையாடி, ஐந்தாறு பொருள்களையாவது சேகரித்து, நான்கைந்து கலைகளையாவது தொட்டுப் பார்த்திருப்பார். அவற்றில் ஒன்றோ இரண்டோதான் வளர்ந்த பிறகும் உடன் வருகின்றன. எது வருகிறது என்பதை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்: உடன் வருவது அந்தப் பொழுதுபோக்கின் உள்ளே இருக்கும் ஒரு சிறு செயல். கலந்து கிடப்பதைப் பிரித்து அடுக்குவது, அசையாமல் உட்கார்ந்து கவனிப்பது, ஒன்றுமில்லாததிலிருந்து கையால் ஒன்றை உண்டாக்குவது, மனம் போன போக்கில் அலைவது ஆகியவை அத்தகைய செயல்கள். குழந்தைக்குத் தன் இயல்புக்கு ஒத்த செயல் எது என்று தெரியாது; கையில் கிடைத்த பொருளின் வழியாக அதைக் கண்டுகொள்கிறது. பொருள் தற்செயலாக அமைவது. அதனால்தான் பன்னிரண்டு வயதில் நாணயம் சேர்த்தவர் நாற்பதில் பழைய வரைபடங்களை வகைப்படுத்திக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம்.

என் அனுபவத்தையே முதலில் சொல்கிறேன். 11 வயதில் அஞ்சல்தலை சேர்க்கத் தொடங்கி, 15 வயதில் தேர்வுகளைக் காரணம் காட்டி விட்டுவிட்டு, 38 வயதில் திரும்ப எடுத்தவன் நான். சிறுவனாக இருந்தபோது எத்தனை நாடுகள் சேர்ந்தன என்று எண்ணுவதுதான் இன்பம் என்று நினைத்திருந்தேன். திரும்ப வந்தபோதுதான், எனக்கு உண்மையில் பிடித்தது நீரில் ஊறவைக்கும் அந்தக் கால் மணி நேரம் என்று புரிந்தது. உறையிலிருந்து அஞ்சல்தலையைச் சுற்றிலும் விரலளவு இடம் விட்டு வெட்டியெடுத்து, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட வேண்டும். பசை கரையக் கரைய அஞ்சல்தலை காகிதத்திலிருந்து தானாக நழுவி வரும். பொறுமை இழந்து இழுத்தால் ஓரப்பற்கள் கிழியும். இழுத்தே ஆக வேண்டும் என்றால் அஞ்சல்தலையிலிருந்து காகிதத்தை உரிக்க வேண்டுமே தவிர, காகிதத்திலிருந்து அஞ்சல்தலையை உரிக்கக் கூடாது. சிவப்பு, பச்சை உறைகளின் சாயம் நீரில் இறங்கி மற்றவற்றையும் கெடுக்கும் என்பதால் அவற்றைத் தனியாக ஊறவைக்க வேண்டும். நனைக்காமலே ஒட்டும் பசையோடு அண்மைக் காலத்தில் வரும் அஞ்சல்தலைகளில் பல நீருக்கு அசைவதே இல்லை. அவற்றை உறைத்துண்டோடு அப்படியே வைத்துக்கொள்வதே நல்லது. ஊறியவற்றை இடுக்கியால் எடுத்து, முகம் கீழாக உறிஞ்சுதாளில் பரப்பி, காய்ந்து சுருளத் தொடங்கும்போது கனமான புத்தகத்துக்கு அடியில் வைப்பது வரை எல்லாமே மெதுவாக நடக்கும் வேலை. என் நாளின் மற்ற எந்த வேலைக்கும் இந்த வேகம் கிடையாது.

இன்னொன்றையும் திரும்ப வந்த பிறகுதான் கண்டுகொண்டேன். சிறுவயதில் முத்திரை விழுந்த அஞ்சல்தலையை அழுக்கு என்று ஒதுக்கினேன். இப்போது அந்த முத்திரையைத்தான் முதலில் படிக்கிறேன். எந்த ஊர், எந்தத் தேதி, அந்தத் தேதியில் அந்த ஊரிலிருந்து யார் யாருக்கு என்ன எழுதியிருப்பார்கள் என்று ஒரு சதுர அங்குலத்துக்குள் நெடுநேரம் இருக்க முடிகிறது. பொருள் அதுவே, ஆள் மாறிவிட்டேன். 1840 மே மாதம் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்த முதல் அஞ்சல்தலையான பென்னி பிளாக்கில் இந்த இரு வயதுகளும் சேர்ந்து விளையாட இடம் உண்டு. ஒரு தாளில் 12 வீதம் 20 வரிசைகளாக 240 அஞ்சல்தலைகள் அச்சிடப்பட்டன. ஒவ்வொன்றின் கீழ் மூலைகளிலும் அது தாளில் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று காட்டும் இரண்டு எழுத்துகள் இருந்தன. ஓரப்பற்கள் இல்லாததால் கத்தரிக்கோலால் வெட்டித்தான் பிரித்தார்கள். சிதறிப்போன அவற்றைத் தேடித் தேடி, எழுத்துகளை வைத்து ஒரு முழுத் தாளையும் மீண்டும் அடுக்க முயல்பவர்கள் இருக்கிறார்கள். கட்டம் கட்டமாக நிரப்பும் குழந்தை விளையாட்டுக்கும் அதற்கும் செலவைத் தவிர வேறு வேறுபாடு இல்லை.

அமெரிக்க அதிபராக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சிறுவனாக இருந்தபோது தொடங்கிய அஞ்சல்தலைச் சேகரிப்பை உலகப் போரின் நடுவிலும் விடவில்லை. புதிய அஞ்சல்தலைகளுக்கான வடிவங்களில் அவரே ஆர்வத்தோடு தலையிட்டார். மறுபுறம், உலகின் மிக விலையுயர்ந்த அஞ்சல்தலைகளில் ஒன்றான பிரிட்டிஷ் கயானாவின் 1856ஆம் ஆண்டு ஒரு சென்ட் அஞ்சல்தலையை 1873இல் குடும்பக் கடிதங்களுக்கு நடுவே கண்டெடுத்தவன் 12 வயதுச் சிறுவன். அது அழகாக இல்லை என்று நினைத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். 2014இல் அதே அஞ்சல்தலை ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இந்தக் கதையைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சிறுவனுக்காக வருத்தப்படுகிறார்கள். எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஆறு ஷில்லிங்கில் தனக்குப் பிடித்த வேறு அஞ்சல்தலைகளை வாங்கத்தான் அவன் அதை விற்றான் என்கிறார்கள். சேகரிப்பவனுக்குரிய சரியான காரணம் அது.

பிரித்து அடுக்கும் செயலின் வலிமையை உயிரினங்களைச் சேகரித்தவர்களிடம் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். சார்லஸ் டார்வின் சிறுவயதில் கிளிஞ்சல், நாணயம், கனிமத் துண்டு என்று எல்லாவற்றையும் சேர்த்தவர். கல்லூரிக் காலத்தில் வண்டுகளின் மீது பித்துக் கொண்டார். ஒருநாள் மரப்பட்டையை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டைக் கண்டு ஒவ்வொரு கையிலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது ஒன்று தென்பட்டதும், ஒரு கையைக் காலியாக்குவதற்காக அதில் இருந்த வண்டை வாய்க்குள் போட்டுக்கொண்டார். அது காரமான திரவத்தைப் பீய்ச்சியடித்ததால் அதைத் துப்ப நேர்ந்து, மூன்றாவதும் கைநழுவிப் போனதைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். நாவலாசிரியர் விளாதிமிர் நபகோவ் 7 வயதில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிச் சேகரிப்பை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. 1940களில் ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் நீலநிற வண்ணத்துப்பூச்சி வகைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர், அவை ஆசியாவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்கு ஐந்து அலைகளாகப் பரவியிருக்க வேண்டும் என்று 1945இல் எழுதினார். எழுத்தாளரின் பொழுதுபோக்கு என்று பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 2011இல் வெளியான மரபணு ஆய்வு அவருடைய கணிப்பு சரி என்று காட்டியது. அதை அறிய அவர் உயிரோடு இல்லை.

கவனித்தல் என்பது வேறு வகை இயல்பு. சேகரிப்பவருக்குப் பொருள் கைக்கு வர வேண்டும். கவனிப்பவருக்கு அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் நான்கைந்து வயதுக் குழந்தையாக இருந்தபோது, முட்டை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதற்காகக் கோழிக்கூட்டுக்குள் மணிக்கணக்கில் ஒளிந்திருந்தார். வீட்டார் பதறிப்போய்த் தேடிக்கொண்டிருக்க, வைக்கோல் ஒட்டிய உடையோடு ஓடிவந்த குழந்தையை அவருடைய தாய் திட்டவில்லை. உட்கார வைத்து, கண்டதையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டார். 1960இல் குடால் சிம்பன்சிகளைக் காண இன்றைய தான்சானியாவின் கோம்பே காட்டுக்குச் சென்றபோது செய்ததும் அதே செயல்தான், கூட்டின் அளவு மட்டும் மாறியிருந்தது. எறும்பியல் அறிஞர் எட்வர்ட் வில்சனின் கதையில் உடலே பொழுதுபோக்கைத் தேர்ந்தெடுத்தது. 7 வயதில் மீன் பிடிக்கும்போது ஒரு மீனின் முள் குத்தி வலக்கண் பார்வை போயிற்று. பிறகு கேட்கும் திறனும் ஓரளவு குறைந்ததால் பறவைகளின் மெல்லிய குரல்கள் எட்டவில்லை. மிஞ்சிய இடக்கண் அருகில் உள்ள நுண்ணியவற்றைக் கூர்மையாகக் கண்டது. அதனால் எறும்புகளைப் பார்க்கத் தொடங்கினார்; 92 வயதில் மறையும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

புகழ் பெற்ற அறிவியலாளர்களை மட்டும் சொன்னால் தவறான எண்ணம் உண்டாகும். அவர்கள் பொழுதுபோக்கைத் தொழிலாக ஆக்கிக்கொண்டவர்கள். நீங்கள் கேட்பது அதைப் பொழுதுபோக்காகவே வைத்துக்கொண்டவர்களைப் பற்றி. அதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் லெஸ்லி பெல்டியர். ஒகையோ மாநிலத்தின் விவசாயக் குடும்பத்தில் 1900இல் பிறந்த அவர், பதின்வயதில் ஸ்ட்ராபெரி பறித்துச் சேர்த்த 18 டாலரில் ஒரு சிறு தொலைநோக்கி வாங்கினார். ஒளி மாறும் விண்மீன்களைக் கவனித்து 1918இல் தன் முதல் குறிப்பை ஆர்வலர் சங்கத்துக்கு அனுப்பினார். அன்று தொடங்கி 1980இல் இறக்கும் வரை ஒரு மாதம்கூட இடைவிடாமல் அனுப்பினார். அந்தக் குறிப்புகள் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டும். இடையில் 12 வால்வெள்ளிகளையும் கண்டுபிடித்தார். இத்தனைக்கும் அவர் வானியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். இரவில் தோட்டத்துக்குள் போய் மேலே பார்ப்பது ஒரு பழக்கம், அவ்வளவுதான். 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் 27 பேரோடு தொடங்கிய பறவைக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடப்பதும் இப்படிப்பட்ட ஆயிரக்கணக்கான பெயர் தெரியாதவர்களால்தான்.

கையால் உருவாக்குவதில் பெரியவர்கள் வெளிப்படையாகவே குழந்தைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள். லெகோ கட்டைகள் இன்றைய வடிவில் 1958இல் காப்புரிமை பெற்றவை. 2020 முதல் அந்நிறுவனம் சில பெட்டிகளில் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்றே அச்சிடுகிறது. எட்டுக் குமிழ் கொண்ட ஆறே ஆறு கட்டைகளை 91,51,03,765 விதங்களில் இணைக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெட்டியோடு வரும் படிநிலைக் குறிப்பேட்டைப் பார்த்துக் கட்டுபவர் அவற்றில் ஒன்றைத்தான் செய்கிறார் என்பது என் சிறு முணுமுணுப்பு. குறிப்பேட்டைப் பார்த்துக் கட்டுவதிலும் அமைதி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வேறு செயல், பின்னல் மாதிரியைப் பார்த்துப் பின்னுவதைப் போன்றது. படத்துண்டுப் புதிர்களின் வரலாறு இதைவிட விந்தையானது. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் நிலவரைபடங்களைப் பலகையில் ஒட்டி நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து, குழந்தைகளுக்குப் புவியியல் கற்பிக்க விற்றார். 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது வேலையிழந்த பெரியவர்கள் மாலைகளைக் கழிக்க அவற்றை வாங்கிக் குவித்தார்கள். பாடமாகப் பிறந்தது பெரியவர்களிடம் வந்துதான் விளையாட்டாயிற்று.

காகித மடிப்பில் பயனில்லாததாகத் தோன்றும் செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ராபர்ட் லாங் 6 வயதில் ஓரிகாமியைத் தொடங்கினார், இயற்பியலாளராகிக் காப்புரிமைகள் பல பெற்றார், பிறகு 2001இல் வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் காகிதம் மடிக்கப் போனார். விண்வெளித் தொலைநோக்கிக்கான மாபெரும் வில்லையை எப்படி மடித்து அனுப்புவது என்று பொறியாளர்கள் அவரிடம் வந்து கேட்டார்கள். ஜப்பானிய வானியற்பியலாளர் கோரியோ மியூரா வகுத்த மடிப்பு முறையில் மடிக்கப்பட்ட சூரியத் தகடு 1995இல் விண்ணில் விரிந்தது. ஆயினும், நண்பர் ஒருவர் கூட்டங்களில் கையில் கிடைத்த சீட்டையெல்லாம் படகாக மடித்து மேசை ஓரத்தில் நிறுத்திவிட்டுப் போவார்; அவரை நியாயப்படுத்த இந்த விண்வெளிக் கதைகள் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

பொழுதுபோக்கு என்று பெயர் வைக்க முடியாத சிறு பழக்கங்களும் இருக்கின்றன. ஆழ்ந்து பார்த்தால் அவையே எண்ணிக்கையில் அதிகம். நடைபாதைக் கல்லின் கோட்டை மிதிக்காமல் நடப்பது, படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவது, படித்த கதையையே மீண்டும் படிப்பது, போர்வைக்குள் விளக்கு வைத்துப் படிப்பது, பேசும்போது காகித ஓரத்தில் கிறுக்குவது போன்றவற்றை யாரும் தம் பொழுதுபோக்குகளின் பட்டியலில் எழுதுவதில்லை. கிறுக்குவதைக் கவனக்குறைவு என்று பள்ளியில் கண்டித்திருப்பார்கள். 2009இல் உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் வெளியிட்ட சோதனை ஒன்றில் 40 பேரைச் சலிப்பூட்டும் தொலைபேசிச் செய்தி ஒன்றைக் கேட்க வைத்தார்கள். கேட்டுக்கொண்டே வடிவங்களுக்குள் நிழல் தீட்டியவர்கள் மற்றவர்களைவிட 29 விழுக்காடு கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஒரே சிறு சோதனை என்பதால் அதைப் பெரிய விதியாக்க வேண்டியதில்லை. பஞ்சு பொம்மையை அணைத்து உறங்கும் பெரியவர்களும் நாம் நினைப்பதைவிட அதிகம். குழந்தை தாயிடமிருந்து பிரிந்திருக்கப் பழகும் காலத்தில் பற்றிக்கொள்ளும் துணியையும் பொம்மையையும் பற்றிக் குழந்தை மருத்துவர் டொனால்டு வின்னிகாட் 1950களின் தொடக்கத்தில் எழுதியபோது, அவை காலப்போக்கில் முக்கியத்துவம் இழந்து ஒதுங்கும் என்றார். ஆனால் அவை பிறப்பித்த விளையாட்டு வெளி, கலையிலும் பண்பாட்டிலும் பெரியவர்களிடம் தொடர்கிறது என்பதும் அவருடைய கருத்துதான்.

படித்ததையே திரும்பப் படிப்பதற்கு எளிய விளக்கம் உண்டு. அறிமுகமானது பிடித்துப்போகும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயன்ஸ் 1968இல் சோதனைகளால் காட்டினார். மீண்டும் மீண்டும் கண்ணில் படுவதாலேயே ஒன்றின் மீது விருப்பம் கூடுகிறது. முடிவு தெரிந்த கதையில் பதற்றம் இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். களைத்து வந்த மனத்துக்கு அது போதும்.

விட்டுப்போனதைத் திரும்ப எடுக்கலாமா என்ற உங்கள் கேள்விக்கு, உடல் தரப்பில் தடை குறைவு. கைக்குப் பழகிய திறன்கள் மற்ற நினைவுகளிலிருந்து வேறுபட்ட வழியில் மூளையில் பதிகின்றன என்பதை அறிய ஹென்றி மொலேசன் என்ற நோயாளி காரணமானார். 1953இல் வலிப்பு நோய்க்காகச் செய்யப்பட்ட மூளை அறுவைக்குப் பிறகு புதிய நினைவுகளைச் சேர்க்க இயலாமல் போன அவரை, நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர் கண்ணாடியில் மட்டும் பார்த்து நட்சத்திர வடிவின் கோட்டைத் தொடர்ந்து வரையச் செய்தார். மூன்று நாள்களில் அவர் கை தேர்ந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதற்கு முன் இப்படிச் செய்ததே இல்லை என்றுதான் அவருக்குத் தோன்றியது. மிதிவண்டியும் நீச்சலும் இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் கைகூடுவது இதனால்தான். இசைக்கருவியில் மட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. விரல்கள் பாதி மறந்திருக்கும், செவி மறந்திருக்காது; இடைப்பட்ட காலத்தில் நல்ல இசையைக் கேட்டுக் கேட்டு அது கூர்மையடைந்தும் இருக்கும். பத்து வயதில் நமக்கே இனிமையாக ஒலித்தது நாற்பதில் பொறுக்க முடியாததாக ஒலிக்கும். பலர் இந்த இடத்தில்தான் கருவியை மூடி வைக்கிறார்கள். திறமை போய்விட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். ரசனை முன்னே போய்விட்டது என்பதே சரியான கணிப்பு. சில வாரங்கள் யாரும் கேட்காத நேரத்தில் வாசித்தால் விரல் எட்டிப் பிடித்துவிடும்.

மனத்தின் தரப்பில்தான் உண்மையான தடைகள். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய மழலையர் பள்ளிக் குழந்தைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம் வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள், இன்னொரு குழுவுக்குச் சொல்லாமல் வரைந்த பிறகு கொடுத்தார்கள், மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேசையில் வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்ற இரு குழுக்களும் செலவிட்டதில் ஏறத்தாழப் பாதி நேரத்தையே வரைவதில் செலவிட்டார்கள். எனக்குத் தெரிந்த, சிறுவயதில் நன்றாக வரைந்து பிறகு பென்சிலையே தொடாதவர்களின் கதைகளில் பெரும்பாலும் ஒரு போட்டியோ, மதிப்பெண்ணோ, விருந்தினர் முன்னிலையில் வரைந்து காட்டச் சொன்ன ஒரு மாலையோ வருகிறது. மாறாக, நாற்பதிலும் தொடர்பவர்களைக் கேட்டால், சிறுவயதில் அந்தப் பொழுதுபோக்கை யாரும் கண்டுகொள்ளவில்லை என்கிறார்கள். கண்டுகொள்ளாமல் விட்டது அவர்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

இதே நச்சு பெரியவர்களிடம் பண வடிவில் வருகிறது. பொழுதுபோக்கு நன்றாக வந்தால் உடனே இதை விற்கலாமே என்று யாராவது சொல்வார்கள். விற்றவர்களில் சிலர் மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள். பலருக்கு வாடிக்கையாளர் கேட்ட நிறத்தில், கேட்ட நாளில் செய்து தருவதாக அது முடிந்துபோகிறது. இதற்கு அசையாமல் நின்றவர் என்று நான் நினைப்பது கணிதவியலாளர் கிளாட் ஷானனை. சிறுவனாக இருந்தபோது முள்வேலிக் கம்பியையே தந்திக் கம்பியாக்கி நண்பன் வீட்டுக்குச் செய்தி அனுப்பியவர், 1948இல் தகவல் கோட்பாட்டை வகுத்து இன்றைய தொலைத்தொடர்புக்கே அடித்தளம் இட்டார். அதன் பிறகும் ஆய்வகத் தாழ்வாரங்களில் ஒற்றைச் சக்கர வண்டியில் பந்துகளைச் சுழற்றிப் பிடித்தபடி சென்றார். புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிக்கும் இயந்திர எலியைச் செய்தார். நெருப்பைக் கக்கும் ஊதுகுழலையும் செய்தார். இவற்றில் எது பயனுள்ளது என்று அவர் கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் திரும்ப எடுக்க முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். கோலி விளையாட்டில் நான் ஒரு காலத்தில் தெருவிலேயே முதல் ஆள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பை நிறையக் கோலிகளை வாங்கி வந்து, தனியாகத் தரையில் குந்தி அரைமணி நேரம் அடித்துப் பார்த்தேன். குறி தப்பவில்லை; ஆனால் ஒன்றுமே இல்லை. எதிரில் உட்கார்ந்து சண்டை போடவும் ஏமாற்றவும் ஆள் இல்லாத கோலி வெறும் கண்ணாடி உருண்டை. கூட்டாளிகளால் இனித்த விளையாட்டுகளை மீட்க வேண்டுமானால் முதலில் ஆட்களைத் திரட்ட வேண்டும். பொருளை வாங்கிப் பயனில்லை. தனிமையில் செய்தவைதான் எளிதில் திரும்பி வருகின்றன.

பொருளை வாங்குவதைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. சிறுவயதில் நம்மிடம் நேரம் இருந்தது, பணம் இல்லை, இப்போது நேர்மாறு. அதனால் பலர் ஏங்கிய பொருளை ஒரே நாளில் முழுத் தொகுதியாக வாங்கி அலமாரியில் அடுக்கிவிட்டு, ஏன் அந்தப் பழைய மகிழ்ச்சி வரவில்லை என்று திகைக்கிறார்கள். மூன்று மாதம் தேடி, பண்டமாற்றுப் பேசி, கடைசியில் கிடைக்காமலே போன ஒரு துண்டுக்காக உறக்கம் கெட்ட அந்தக் காலம் முழுவதையும் அவர்கள் தாண்டிக் குதித்துவிட்டார்கள். எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி, உறையோடு கைக்கு வந்ததை மட்டும் சேர்ப்பது, விலைக்கு வாங்குவதில்லை என்பது. அதனால் என் சேகரிப்பு பார்வைக்கு ஏழ்மையானது. கடிதங்களே அரிதாகிவிட்ட காலத்தில் அது வளர்வதும் மிக மெதுவாகத்தான்.

பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு சேர்ந்து செய்வது நல்ல நுழைவாயில் என்பார்கள். உண்மைதான், ஒரு நிபந்தனையோடு: அவர்கள் கட்டுவதைத் திருத்தாதீர்கள். கட்டைகளை நிறவாரியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்ற அரிப்பு உங்களுடையது. குவியலில் கையை விட்டுத் துழாவும் ஓசை அவர்களுடையது. இரண்டு பெட்டிகள் வைத்துக்கொள்வது உறவுக்கு நல்லது.

எங்கிருந்து தொடங்குவது என்றால், சிறுவயதில் எதைச் செய்தேன் என்று கேட்டுக்கொள்வதைவிட, எதைச் செய்யும்போது யாராவது கூப்பிட்டால் எரிச்சல் வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த எரிச்சல் நம்பத்தகுந்த அடையாளம். பிறகு அந்த நேரத்தில் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்: அடுக்கியதா, வெட்டியதா, வரைந்ததா, சும்மா இருந்ததா? அந்தச் செயலுக்கு இன்று எது வசதியோ அதை எடுங்கள். பழைய பொருளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வெட்கத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மற்றவர்களுக்கு விளக்கம் சொல்லத் தொடங்கினால்தான் வெட்கம் வருகிறது. விளக்கம் சொல்லாமல் விட்டால் அவர்கள் இரண்டு நாளில் பழகிவிடுகிறார்கள்.

இனி உங்கள் ஆல்பம். முதலில் ஒட்டிக்கொண்டவை முத்திரை விழுந்தவையா, பயன்படுத்தாதவையா என்று பிரித்துப் பாருங்கள். முத்திரை விழுந்தவற்றுக்குப் பின்புறப் பசையால் இனிப் பயனில்லை என்பதால், ஒட்டிய கட்டியை அப்படியே வெதுவெதுப்பான நீரில் போட்டு, தானாகப் பிரியும் வரை காத்திருக்கலாம். மிகப் பழையவற்றில் சிலவற்றின் மை நீரில் கரையக்கூடியது. ஆகவே மதிப்பில்லாத ஒன்றை முதலில் போட்டுச் சோதியுங்கள். பயன்படுத்தாதவற்றை நீரில் போட்டால் பசை முழுவதும் போய்விடும். அவற்றுக்கு, இறுக மூடும் பெட்டி ஒன்றின் அடியில் ஈரப் பஞ்சை வைத்து, அதன் மீது நீர் படாதபடி ஒரு வலைத்தட்டை அமைத்து, அஞ்சல்தலைகளை அதன் மேல் பரப்பி மூடிவிடுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, பசை நெகிழ்ந்ததும் தட்டையான முனை கொண்ட இடுக்கியால் ஓரத்திலிருந்து மெல்லத் தூக்குங்கள்; எதிர்ப்புத் தெரிந்தால் விட்டுவிட்டு மீண்டும் மூடிவையுங்கள். ஒரு நாள்கூட ஆகலாம். பிரித்தவற்றைப் பசைப்புறம் மேலாக வைத்து உலரவிடுங்கள், ஈரம் முற்றிலும் போகும் முன் எதன் மீதும் அடுக்காதீர்கள். ஆல்பத்தின் பக்கங்களில் பூஞ்சை வாடை இருந்தால் பழைய அட்டையைக் கைவிட்டுப் புதியதற்கு மாற்றுங்கள். ஆனால் நீங்கள் அப்போது கையால் எழுதிய நாட்டுப் பெயர்கள் உள்ள பக்கங்களை வெயில் நேரடியாகப் படாத இடத்தில் காயவைத்து, தனி உறையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.